பேண்தகு காட்டு மேலாண்மை மாதிரியாக்கமும் ஜவ்வாது மலையும்

பேண்தகு காட்டு மேலாண்மை மாதிரியாக்கம் என்பது ஒரு காட்டிலுள்ள மரங்களின் வளர்ச்சி, இறப்பு, மீளுருவாக்கம் ஆகியவற்றைக் கணித உறவுகளாக எழுதி, அக்காடு பல ஆண்டுகளுக்குப் பின் எந்நிலையில் இருக்கும் என்பதைக் கணிக்கும் முறையாகும். இவ்வாறு எழுதப்படும் கணித வடிவம் மாதிரியுரு எனப்படும். காட்டின் வளம் குன்றாமல் அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எடுக்காமல் விட்டால் எவ்வளவு காலத்தில் அது மீளும் என்னும் இரு கேள்விகளே இத்துறையின் அடிப்படை.

இத்துறையின் பெரும்பாலான மாதிரியுருக்கள் ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் மிதவெப்பமண்டலக் காடுகளில் பிறந்தவை. தமிழ்நாட்டில் நீலகிரி, பழனி மலைகளின் உயர்பகுதிகளில் உள்ள சோலைகளே மிதவெப்பக் காட்டு வகையில் அடங்கும். ஜவ்வாது மலையில் இருப்பது வெப்பமண்டல உலர் இலையுதிர் காடு. ஒரு வகைக் காட்டுக்காக எழுதப்பட்ட கணக்கு மற்றொரு வகைக் காட்டில் எங்கெல்லாம் பொருந்தாது போகிறது என்பதை அறிய இம்மலை நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

ஜவ்வாது மலை

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. (திருப்பத்தூர் 2019 ஆம் ஆண்டில் வேலூரிலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டம்.) ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் 32 கி.மீ. அகலமும் கொண்ட இம்மலைத்தொடரின் உயர்ந்த முகடுகள் 1,100 மீட்டரை எட்டுகின்றன. செய்யாறு இங்கு தோன்றிப் பாலாற்றில் கலக்கிறது. ஜமுனாமரத்தூர் இம்மலையின் முதன்மை ஊர். 2.34 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூரும் இம்மலையிலேயே உள்ளது.

மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்கு பெருமளவில் வாழ்கின்றனர். இப்பெயர் மலையை ஆள்பவர் என்னும் பொருளுடையது. கேரள மக்களைக் குறிப்பதன்று. சாமை முதலிய சிறுதானியப் பயிர்களும், கடுக்காய், நெல்லி, புளி, தேன் போன்ற காடுபடு பொருள்களும் இவர்களது வாழ்வாதாரம். எனவே இங்குள்ள காடு மனிதர் கால்படாத காடு அன்று. மேய்ச்சல், விறகு, தீ, வெட்டு ஆகிய நான்கும் அதன் அமைப்பில் பதிந்துள்ளன.

விளைச்சல் அட்டவணையும் அதன் முன்னனுமானங்களும்

காட்டைக் குன்றாமல் பயன்படுத்த வேண்டும் என்னும் கருத்தை செருமனியின் கார்லோவிட்சு 1713 இல் வெளியிட்ட நூலில் எழுத்தில் வைத்தார். சுரங்கங்களுக்கு விறகு தட்டுப்பட்டதே அந்நூலுக்குக் காரணம். அதே நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டில் விளைச்சல் அட்டவணைகள் தோன்றின. மரத்தோப்பின் வயது, நிலத்தின் தரம் ஆகிய இரண்டையும் அறிந்தால் ஓர் எக்டேரில் எத்தனை கனமீட்டர் மரம் இருக்கும் என்பதை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். 1849 இல் மார்ட்டின் ஃபாஸ்ட்மன் இதனுடன் வட்டிக் கணக்கைச் சேர்த்து, எந்த வயதில் வெட்டினால் நிலத்துக்கு மிகுந்த மதிப்பு கிடைக்கும் என்னும் சூத்திரத்தை அளித்தார்.

இவ்வட்டவணைகளுக்குள் மூன்று முன்னனுமானங்கள் மறைந்துள்ளன. தோப்பில் ஒரே இனம் இருக்க வேண்டும். எல்லா மரங்களும் ஏறத்தாழ ஒரே வயதினவாக இருக்க வேண்டும். அவ்வயதை அறிய வழி இருக்க வேண்டும். குளிர்கால ஓய்வுள்ள நாடுகளில் ஆண்டு வளையங்களை எண்ணி வயதை அறியலாம். தேக்கு போன்ற சில மரங்கள் நம் நாட்டிலும் தெளிவான வளையம் இடுகின்றன. ஆனால் உலர் இலையுதிர் காட்டின் பல இனங்களில் வளையம் தெளிவற்றது. பருவமழை இருமுறை பெய்யும் இடத்தில் ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையம் தோன்றவும் கூடும். வேங்கை, வெக்காலி, உசிலை, கடுக்காய், சந்தனம், மூங்கில் என எல்லாம் கலந்து நிற்கும் சரிவில் 'தோப்பின் வயது' என்னும் சொல்லுக்கே பொருள் இல்லை.

பிராண்டிசின் கடத்தல் காலக் கணக்கு

வயது தெரியாத கலப்புக் காட்டுக்கான முதல் நடைமுறைக் கணக்குகளுள் ஒன்று இந்தியத் துணைக்கண்டத்தின் ஆட்சிப் பரப்பிலேயே உருவானது. 1856 இல் பர்மாவின் பெகு பகுதிக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிசு, தேக்கு மரங்களைச் சுற்றளவைக் கொண்டு வகுப்புகளாகப் பிரித்து, காட்டின் ஊடே நேர்கோட்டில் சென்று எண்ணினார். இவரே 1864 இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அலுவலர் ஆனார். 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் உருவான காலத்தில் சென்னை மாகாணத்திலும் ஆலோசனை வழங்கினார்.

இக்கணக்கின் மையம் வயது அன்று. ஒரு சுற்றளவு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குச் செல்ல ஒரு மரம் எடுத்துக்கொள்ளும் காலம். எடுத்துக்காட்டாக, வெட்டத்தக்க அளவுக்கு ஒரு படி கீழே உள்ள வகுப்பில் 400 மரங்கள் உள்ளன, அவற்றுள் கால்பங்கு இடையில் பட்டுப்போகும், மீதி அடுத்த வகுப்பை அடைய 20 ஆண்டுகள் ஆகும் எனக் கொள்வோம். 300 மரங்கள் 20 ஆண்டுகளில் வந்து சேர்வதால், ஆண்டுக்கு 15 மரங்களுக்கு மேல் எடுத்தால் பெருமரங்களின் கையிருப்பு குறையும். பள்ளி மாணவர் செய்யத்தக்க இந்த வகுத்தல் கணக்கே இன்றைய பல மென்பொருள்களின் உள்ளேயும் இருக்கிறது.

பிரான்சின் லியோகூர் 1898 இல் இதற்குத் துணையான ஒரு கருத்தை வெளியிட்டார். பல வயது மரங்கள் கலந்த நலமான காட்டில் சிறு மரங்கள் மிகப் பலவாகவும், பருமன் கூடக்கூட எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைந்தும் செல்லும் என்பது அது. வரைபடத்தில் இடுப்பகுதி ஒடுங்கித் தோன்றினால் இடைப்பட்ட வகுப்பு மரங்களுக்கு ஏதோ நேர்ந்துள்ளது என அறியலாம்.

அணி முதல் தனிமரம் வரை

உயிரினத் தொகையை அணிகளாக எழுதும் முறையை லெசுலி 1945 இல் அறிமுகப்படுத்தினார். 1966 இல் அஷர் அதனை இசுக்காட்லாந்தின் பைன் காட்டுக்குப் பொருத்தினார். ஒவ்வொரு பருமன் வகுப்பிலும் ஓராண்டில் எத்தனை பங்கு அங்கேயே நிற்கும், எத்தனை பங்கு மேலே செல்லும், எத்தனை பங்கு இறக்கும் என்னும் எண்களே அணியின் உறுப்புகள். அணியைத் திரும்பத்திரும்பப் பெருக்கினால் எதிர்காலம் கிடைக்கும். இதன் குறையும் இங்கேயே உள்ளது: இன்றைய விகிதங்கள் நாளையும் மாறா என்று அது கொள்கிறது.

கணினி மலிந்தபின் ஆய்வு தனிமரத்தை நோக்கித் திரும்பியது. 1972 இல் போட்கின் குழுவினர் அமெரிக்காவின் நியூ ஹாம்சையர் காட்டுக்காக ஜபோவா என்னும் மாதிரியுருவை வெளியிட்டனர். 10 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தில் ஒவ்வொரு மரமும் தன் நிழலைக் கீழுள்ளதன் மேல் வீழ்த்துகிறது. பெருமரம் ஒன்று இறந்தால் இடைவெளி உண்டாகி, ஒளி உள்ளே வந்து, கன்றுகள் எழுகின்றன. இதனால் இவ்வகை 'இடைவெளி மாதிரியுரு' எனப்படுகிறது. பின்னர் செருமனியின் சில்வா, வெப்பமண்டலத்துக்காகவும் வளர்க்கப்பட்ட ஃபார்மைண்ட் முதலியவை வந்தன. 1997 இல் லேண்ட்சுபெர்க், வேரிங் ஆகியோர் வெளியிட்ட 3-பிஜி, ஒளிச்சேர்க்கை, நீர், வெப்பம் ஆகியவற்றிலிருந்து வளர்ச்சியைக் கணிக்கும் எளிய செயல்முறை மாதிரியுரு ஆகும். கடந்தகால அளவீட்டை மட்டும் நம்பாமல் காரணங்களிலிருந்து தொடங்குவதே இதன் சிறப்பு. காலநிலை மாறும்போது பழைய அட்டவணைகள் பொய்த்துவிடும் என்பதால் ஆய்வுகள் இத்திசையில் பெருகின.

இடைவெளி மாதிரியுருக்கள் ஒளிக்கான போட்டியை மையமாகக் கொண்டவை. அடர்ந்த மிதவெப்பக் காட்டில் அது பொருந்தும். ஜவ்வாது மலை போன்ற உலர் காட்டில் மேற்கவிகை பல இடங்களில் திறந்தே இருக்கிறது. அங்கு கன்றைத் தடுப்பது நிழலை விட வேனிற்கால வறட்சியும் தரைத்தீயும் ஆடுமாடும் எனலாம். மேலும், இவ்வகைக் காட்டில் பல மரங்கள் விதையிலிருந்து வருவதில்லை. வெட்டிய அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மறுதாம்பாகத் துளிர்க்கின்றன. தண்டு இறந்தும் மரம் இறவாத இந்நிலையை இறப்பு விகிதம் என்னும் ஒற்றை எண்ணில் அடக்க முடியாது.

சந்தனம்

ஜவ்வாது மலையின் பெயரைப் பரவலாக்கிய மரம் சந்தனம். அரசின் சந்தனக் கிடங்குகளுள் ஒன்று மலையடிவாரமான திருப்பத்தூரில் உள்ளது. மாதிரியாக்கத்தின் எல்லைகளை இம்மரம் போல வேறெதுவும் காட்டாது.

முதலாவதாக, சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. தன் இலைகளில் உணவு தயாரித்தாலும், அண்டை மரஞ்செடிகளின் வேர்களில் தன் வேரைப் பொருத்தி நீரும் சத்தும் பெறுகிறது. ஆகவே பக்கத்து மரம் இதற்குப் போட்டியாளர் மட்டும் அன்று, செவிலியும் ஆகும். அண்டை மரங்கள் மிகுந்தால் வளர்ச்சி குறையும் என்று எழுதப்பட்ட சமன்பாடு இங்கு தலைகீழாகப் போகலாம்.

இரண்டாவதாக, விலை மரத்தின் கன அளவைச் சார்ந்ததன்று. உள்ளே பாய்ந்திருக்கும் வைரத்தையும் அதிலுள்ள எண்ணெயையும் சார்ந்தது. வைரம் ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்குப் பிறகே உருவாகத் தொடங்கி, மேலும் பல பத்தாண்டுகள் கூடிக்கொண்டே செல்கிறது. ஒரே பருமனுள்ள இரு மரங்களில் வைரத்தின் அளவு பெரிதும் வேறுபடலாம். வெளியே நின்று சுற்றளவை அளப்பவருக்கு அது தெரியாது.

மூன்றாவது காரணம் மனிதர் தொடர்பானது. விளைச்சல் கணக்குகள் யாவும் மரத்தின் இறப்பை இயற்கையானதாகவும், வெட்டைத் திட்டப்படி நடப்பதாகவும் கொள்கின்றன. சந்தனம் நெடுங்காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. தனியார் நிலத்தில் முளைத்தாலும் நில உரிமையாளருக்கு அது சொந்தமாகாத நிலை 2002 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால்தான் தமிழ்நாட்டில் மாறியது. தன் நிலத்துக் கன்றைக் காப்பதால் உழவருக்குப் பயனில்லை என்ற நிலையும், உயர்ந்த விலையும் சேர்ந்து கள்ளவெட்டை வளர்த்தன. கள்ளவெட்டு வைரம் பாய்ந்த மரங்களையே தேடிச் செல்லும். அதனால் முதலில் அழிவது விதை தரும் பெருமரங்கள். 1899 இல் குடகில் முதன்முதலாகப் பதிவான, நுண்ணுயிரியால் வரும் கூர்நுனி நோயும் தன் பங்குக்கு மரங்களைக் கொன்றது.

கணக்கில் 'சட்டத்துக்குப் புறம்பான வெட்டு' என ஓர் எண்ணாகச் சேர்க்கப்படுவதன் பின்னால் கூலிக்குக் கோடரி ஏந்தும் ஏழை மக்கள் இருக்கின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட 20 பேரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். இறந்தோருள் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். வேலைவாய்ப்பு, கூலி, நில உரிமை ஆகியவற்றைப் புறத்தே விட்டுவிட்டுச் செய்யப்படும் மரக்கணக்கு இம்மலையில் பாதிக் கணக்கே ஆகும்.

முதுமலை தரும் தரவு

ஒரு மாதிரியுருவுக்கு எண்களைத் தருபவை ஒரே மரத்தைப் பல ஆண்டுகள் திரும்பத்திரும்ப அளக்கும் நிலைக் கண்காணிப்புப் பரப்புகள். தமிழ்நாட்டில் இவற்றுள் முதன்மையானது நீலகிரி மாவட்டம் முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் இராமன் சுகுமார் குழுவினர் 1988 இல் தொடங்கிய 50 எக்டேர் பரப்பு. 1 செ.மீ.க்கு மேல் தடித்த ஒவ்வொரு தண்டும் எண்ணிடப்பட்டு, புதியவையும் இறந்தவையும் ஆண்டுதோறும் பதியப்படுகின்றன. தொடக்கத்தில் அங்கு ஏறத்தாழ 26,000 தண்டுகளும் 70 அளவிலான இனங்களும் இருந்தன. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் உள்ள அதே அளவு மழைக்காட்டுப் பரப்பில் 300 அளவிலான இனங்கள் உள்ளன என்பதோடு இதனை ஒப்பிடலாம்.

இனங்கள் குறைவு என்பதால் கணக்கு எளிதாகிவிடவில்லை. முதுமலையில் சிறு தண்டுகளின் எண்ணிக்கை தீயையும் யானைகளையும் பொறுத்து ஏறி இறங்குகிறது. ஒரு தீ ஆண்டில் கீழ்வளர்ச்சி கருகி, அடுத்த மழையில் வேரிலிருந்து மீண்டும் எழுகிறது. நான்கைந்து ஆண்டுத் தரவை மட்டும் கொண்டு அணி எழுதினால், அந்த ஆண்டுகளில் தீ வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து காடு அழியும் என்றோ செழிக்கும் என்றோ விடை வரும். முதுமலையும் ஜவ்வாது மலையும் உலர் இலையுதிர் வகையில் அடங்கினும், ஜவ்வாது மலையில் யானைகளின் இடத்தைக் கோடரியும் மேய்ச்சலும் பெற்றுள்ளன. ஆகவே முதுமலை எண்களை அப்படியே இங்கு பெயர்த்து வைப்பது இயலாது.

தொலையுணர்வு

இந்திய வன அளவைத் துறை 1981 இல் நிறுவப்பட்டது. 1987 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நாட்டின் வன நிலை அறிக்கையை வெளியிட்டுவருகிறது. 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீ எச்சரிக்கைகளையும் அனுப்புகிறது. செயற்கைக்கோள் படத்தைப் படிப்பதில் உலர் காட்டுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. மழை ஓய்ந்த கார்த்திகையில் எடுத்த படத்தில் பச்சையாய்த் தோன்றும் சரிவு, இலையுதிர்ந்த பங்குனியில் எடுத்த படத்தில் மொட்டைக் குன்றாகத் தோன்றும். இரு வேறு ஆண்டுகளின் இரு வேறு மாதப் படங்களை ஒப்பிட்டால் காடு அழிந்ததாகவோ வளர்ந்ததாகவோ தவறான முடிவு கிடைக்கும். இதனாலேயே பெரும்பாலும் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான படங்கள் பயன்படுத்தப்படுகின்றன.

நிலத்தில் அளந்த மரத்தை எடையாக மாற்ற, சாவ் குழுவினர் 2014 இல் வெளியிட்ட வெப்பமண்டலச் சமன்பாடு பரவலாகக் கையாளப்படுகிறது. மர அடர்த்தி, விட்டத்தின் இருபடி, உயரம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையை 0.976 அடுக்குக்கு உயர்த்தி 0.0673 ஆல் பெருக்க வேண்டும். அடர்த்தி 0.6, விட்டம் 20 செ.மீ., உயரம் 10 மீட்டர் எனில் தரைக்கு மேலுள்ள உலர் எடை ஏறத்தாழ 134 கி.கி. ஆகும். உயரத்தை ஒரு மீட்டர் தவறாகக் கணித்தால் விடையும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தவறும்.

2025 சூலை 30 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், மேகத்தை ஊடுருவும் கதிரலைகளால் காட்டின் உயிர்த்திணிவை அளக்க உதவும். உயிர்த்திணிவு மிகுந்த மழைக்காடுகளில் இவ்வகைக் கதிரலைக்குத் தெளிவு குறையும். உலர் காடுகளில் அக்குறை சிறியது. இவ்வகைத் தரவுகளை இணைக்க இப்போது எந்திரக் கற்றல் முறைகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயரே 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்பது. பெயரில் காடு இருப்பினும், தான் பயின்ற தரவில் இல்லாத காட்டைப் பற்றி அது நம்பத்தக்க விடை தருவதில்லை.

காலநிலையும் நீரும்

காலநிலை மாற்றத்தால் இந்தியக் காடுகள் என்னவாகும் என்பதைக் கணித்த இரு ஆய்வுகளை ஒப்பிடுவது பயனுள்ளது. இரவீந்திரநாத் குழுவினர் 2006 இல் பயோம்4 என்னும் சமநிலை மாதிரியுருவைக் கொண்டு, நூற்றாண்டின் இறுதிக்குள் இந்தியக் காட்டுக் கட்டங்களுள் 77% அல்லது 68% வகை மாறக்கூடும் என்றனர். இரு எண்களும் இரு வேறு உமிழ்வுக் காட்சிகளுக்கு உரியவை. 2011 இல் சதுர்வேதி குழுவினர் ஐபிசு என்னும் இயங்கு மாதிரியுருவைக் கொண்டு அதே காட்சிகளுக்கு 39%, 34% என்றனர். காடு அதே காடு. மாதிரியுரு மாறியபோது விடை ஏறத்தாழப் பாதியானது. இத்தகைய கணிப்புகளை ஒரே ஒரு சதவீதமாக மேற்கோள் காட்டுவது தவறான உறுதியைத் தரும்.

நீரைப் பொறுத்தவரை, மரம் மிகுந்தால் ஆற்றில் நீர் மிகும் என்னும் பொதுநம்பிக்கையை நீலகிரியின் கிளென்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வு திருத்தியது. அருகருகே உள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புகளுள் ஒன்றில் தைலமரம் நடப்பட்டது. புல்வெளியாகவே விடப்பட்டதோடு ஒப்பிடுகையில், முதல் சுழற்சியில் நீர்வரத்து 16 சதவீதமும், மறுதாம்பு வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் ஏறத்தாழ 25 சதவீதமும் குறைந்தன. செய்யாற்றின் தலைப்பகுதியில் எந்த மரத்தை நடுவது என்னும் கேள்வி, எத்தனை மரம் நடுவது என்பதற்கு முன் கேட்கப்பட வேண்டியது என்பதை இது காட்டுகிறது.

செயல்திட்டமும் மக்களும்

இந்தியாவில் ஒவ்வொரு வனக்கோட்டமும் செயல்திட்டம் என்னும் ஆவணத்தின்படி நிருவகிக்கப்படுகிறது. இது பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு உரியது. கோதவர்மன் திருமுல்பாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 திசம்பர் 12 அன்று இட்ட ஆணைக்குப் பின், செயல்திட்டம் இன்றிக் காட்டில் மரம் வெட்ட இயலாது. செயல்திட்டங்களுக்கான தேசிய விதித்தொகுப்பு 2004, 2014, 2023 ஆண்டுகளில் வெளியிடப்பட்டது. மரக்கட்டை விளைச்சலோடு கரிமம், நீர், பல்லுயிரியம், மக்களின் தேவை ஆகியனவும் இவற்றில் இடம்பெற்றன. வைரம் பாய மூன்று பத்தாண்டுகள் வேண்டும் சந்தனத்தின் வாழ்நாளில் மூன்று செயல்திட்டங்கள் வந்துபோகும். முந்தைய திட்டத்தின் அளவீட்டுப் பரப்புகளை அடுத்த திட்டமும் அளந்தால் மட்டுமே மாதிரியுருவுக்கு வேண்டிய தொடர் எண்கள் கிடைக்கும்.

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைப் பேணும் உரிமையையும் பொறுப்பையும் கிராம சபைகளுக்கு வழங்கியது. இதனால் அளப்பவர் யார் என்னும் கேள்வியும் ஆய்வுக்குள் வந்தது. இவ்வகையில் ஜவ்வாது மலைக்கு நெருங்கிய முன்மாதிரி கருநாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் உள்ளது. அங்கு சோலிகர் பழங்குடியினர் பறிக்கும் இருவகை நெல்லி மரங்கள் குறைந்துவந்தன. கனி பறிப்பதே காரணம் என்று எளிதாக முடிவு கட்டியிருக்கலாம். சோலிகரோடு இணைந்து பல்லாண்டுகள் திரட்டிய தரவைக் கொண்டு எழுதப்பட்ட அணி மாதிரியுருக்களின் முடிவுகள் 2012 இல் வெளிவந்தன. கனி பறிப்பின் தாக்கம் சிறிதே எனவும், மரத்தின் மேல் படரும் புல்லுருவியும் தரையை மூடும் உண்ணிச்செடியும் பெருங்கேடு செய்கின்றன எனவும் அவை காட்டின. புல்லுருவி மிகுந்துவிட்டது என்பதைச் சோலிகர் முன்னரே கூறிவந்தனர். நெல்லியும் கடுக்காயும் பறிக்கும் மலையாளி மக்களின் ஊர்களில் இவ்வகைக் கணக்கைத் தொடங்க, எண்ணிட்ட சில நூறு மரங்களும் ஓர் அளவுநாடாவும் ஆண்டுதோறும் அதே மரங்களிடம் திரும்பிச் செல்லும் ஆட்களும் போதுமானவை.